முன்பாரம்

அந்த சைக்கிள் உத்தமபாளையத்துக்கு ஒரு மாட்டு வண்டியில்தான் வந்து சேர்ந்தது. ஓட்டை விழுந்த கொப்பரைகளுக்கும் தேய்ந்துபோன கொழுக்களுக்கும் அடியில், முன்சக்கரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது.

யுத்த காலம். சீமையிலிருந்து புது சைக்கிள் வருவது நின்றுபோயிருந்தது. ஒரு டயருக்காக மதுரை வரைக்கும் போய் நின்றாலும் கையை விரித்தார்கள். அதனால் பழைய இரும்பு வாங்கும் மீரான் ராவுத்தர், சைக்கிள் என்று எது கண்ணில் பட்டாலும் கோர்ட்டுத் தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த சூசைமுத்துவிடம் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

"எங்கன பிடிச்சீக ராவுத்தரே?"

"கூடலூர்ப் பக்கம் வாய்க்காலுக்குள்ள கிடந்துச்சு. கேக்க ஆளில்லைன்னாக. உன் கை பட்டா உசுரு வந்துரும்ல, சூசை."

சூசைமுத்து அதைப் பிரித்துப் போட்டான். கறுப்புச் சாயம் கடையில் அடித்ததல்ல; யாரோ அவசர அவசரமாகப் பூசியிருந்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க, அடியில் கரும்பச்சை தெரிந்தது. பச்சைக்கு நடுவே தலைமயிர் கனத்தில் ஒரு தங்கக் கோடு. முன்கழுத்தில் கம்பெனித் தகடு இல்லை, ஆணி அடித்த இரண்டு துளைகள்தான் மிச்சம். ஆனால் செயின் சக்கரத்தில் வெட்டியிருந்த பூவேலையைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. மதுரையில் வேலை பழகிய காலத்தில் இதே மாதிரி ஒன்றைத் தொட்டிருக்கிறான். முதல் யுத்தத்துக்கு முந்திக் கப்பலேறி வந்த வண்டி. தேயிலைத் தோட்டத்துத் துரைமார் மலைமேல் ஓட்டியது.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. முன்னால் சாய்ந்து இறங்கும் குழாயில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன இரும்புக் கொம்புகளை வளையம் போட்டு முறுக்கியிருந்தார்கள். சீமை வேலை இல்லை, உள்ளூர்க் கொல்லன் அடித்தது. எதற்கென்று புரியாமல், முழங்காலில் இடிக்கும் என்று கழற்றிப் பெட்டியில் போட்டான்.

பழைய பச்சையையே தேடிப் பிடித்து அடித்தான். நூல் பிடித்த மாதிரி தங்கக் கோடு இழுத்தான். கடை வாசலில் நிறுத்தியபோது தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதலில் எடுத்துப் போனவர் பள்ளிக்கூட வாத்தியார். சின்னமனூர் போகிறேன் என்று போனவர் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு சூசை. முன்னாடி பாரம் ஏத்துன கணக்கா இழுக்குதே."

முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தான். காற்றாடி போலச் சுழன்றது. கோளாறு ஒன்றும் இல்லை. அடுத்து எடுத்துப் போன ஜவுளிக்கடைக்காரரும் அதையேதான் சொன்னார். "வெயில்ல போறேன். நெஞ்சுக்கு நேரா அனல் அடிக்குதப்பா. காய்ச்சக்காரனைக் கட்டிப்பிடிச்சுட்டுப் போற மாதிரி."

அன்று சாயங்காலம் துடைக்கும்போதுதான் சூசைமுத்து கவனித்தான். கொம்புகளைக் கழற்றிய இடத்துக்குக் கீழே, புதுச் சாயத்தில் இரண்டு பக்கமும் உரசல். திரும்ப அடித்தான். காய்ந்த மறுநாளே அதே இடத்தில் உரசியிருந்தது.

குதிகால் உரசல்.

கால் வைக்க இடமில்லாமல் தொங்குகிற இரண்டு கால்கள் ஆடி ஆடி உண்டாக்கின மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அனுமந்தன்பட்டி வேதக்கோயில் வாசலில் அந்தப் பச்சை சைக்கிளோடு நின்ற சூசைமுத்துவிடம் அவன் மகள் மதலேனாள் ஓடிவந்தாள். ஆறு வயது. அப்பாவின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து போவதென்றால் அவளுக்குச் சோறு வேண்டாம்.

"ஏறு தாயி."

அவள் ஏறவில்லை. சீட்டுக்கு முன்னால் இருந்த பார்க்கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் எங்கன உக்காரப்பா? அந்தப் பிள்ளை எறங்க மாட்டேங்குதே."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. சனம் பேசிக்கொண்டே கலைந்து போனது. சூசைமுத்துவின் கை ஹேண்டில்பாரில் இருந்தது. அந்தக் கையின் மேல், சின்னதாக, சூடாக ஏதோ வந்து படிந்தது.

அவன் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

மகளை நடத்தியே வீட்டுக்கு அனுப்பினான்.

மறுநாள் பெட்டியிலிருந்த கொம்புகளைத் தேய்த்துப் பார்த்தான். வளையத்தின் உள்பக்கம் மூன்று புள்ளியாக ஒரு முத்திரை. கம்பம் ஊர்க் கொல்லன் ஒச்சாண்டி போடுவது. சைக்கிளோடு கம்பத்துக்குப் போனான்.

ஒச்சாண்டி கொம்புகளைக் கையில் வாங்கி, முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார்.

"நான் அடிச்சதுதான். பிள்ளை கால் வைக்கணும்னு சுருளியாண்டி கேட்டாக. கூடலூர்க்காரவுக. இங்கன ஏலக்காய் மூட்டை அடுக்குற கிட்டங்கியில கணக்கு எழுதுறாக. ஒத்தைப் பிள்ளை, அன்னத்தாய்னு பேரு."

"இப்ப அந்தப் பிள்ளை?"

"மலைக்காய்ச்சல். ரெண்டு வருசம் ஆச்சு. அதுக்குப் பெறகு மனுசன் வீட்டுப் பக்கமே போறதில்லை. கிட்டங்கியிலயே படுத்துக்கிறாக."

சூசைமுத்து சைக்கிளை அவர் முன்னால் சாய்த்தான். "இதை இருந்த இடத்துலயே மாட்டிக் குடுங்க" என்றான்.

ஏலக்காய் மணம் மூச்சை அடைக்கும் அந்தக் கிட்டங்கியின் வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது, உள்ளே மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். நாற்பது வயதுக்கு அறுபது வயதுத் தோற்றம். அவர் பச்சையைப் பார்த்தார். கொம்புகளைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் அடையாளம் கண்டு கொண்டாந்துரக் கூடாதுன்னுதானே கறுப்பு அடிச்சு வாய்க்கால்ல தள்ளினேன்" என்றார்.

"மன்னிக்கணும் அண்ணே. வண்டியில பிள்ளை இருக்கு."

கேலி செய்கிறானோ என்று சுருளியாண்டி அவன் முகத்தைத் தேடினார். பிறகு எழுந்து வந்து, பார்க்கம்பிக்கு மேலே, வெறும் காற்றில், உள்ளங்கையை வைத்தார். கை அங்கேயே நின்றது. ஒரு தலையின் உயரத்தில்.

"சுடுது" என்றார் மெதுவாக. "இன்னும் சுடுது."

அவர் சொல்லத் தொடங்கினார். அன்று வண்டி மாடு கிடைக்கவில்லை. பிள்ளையைத் துண்டால் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கூடலூரிலிருந்து உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். வழியெல்லாம் பிள்ளை கேட்டுக்கொண்டே வந்தது, வந்துருச்சாப்பா, வந்துருச்சாப்பா என்று. இந்தா வந்துருச்சு தாயி, அந்தா தெரியுது பாரு என்று இவரும் சொல்லிக்கொண்டே மிதித்தார். ஆஸ்பத்திரியில் துண்டை அவிழ்த்த டாக்டர், எப்போதோ போய்விட்டதே என்றார்.

"எந்த இடத்துல மூச்சு நின்னுச்சுன்னு எனக்குத் தெரியலப்பா. அது கேக்கிறதை எப்ப நிறுத்துச்சுன்னு தெரியல. நான் பாட்டுக்குப் பதில் சொல்லிட்டே போயிருக்கேன்."

கையை எடுக்காமலே, "எம் பொண்டாட்டி கருத்தம்மாகிட்ட, ஆஸ்பத்திரிக் கட்டில்ல, மருந்து குடிச்சுட்டு நிம்மதியாப் போச்சுன்னு சொன்னேன். அதைச் சொல்லிட்டு அவ மூஞ்சியைப் பாக்க முடியல" என்றார்.

சூசைமுத்து அந்தக் கை நின்ற உயரத்தைப் பார்த்தான். தன் மகளின் வயதுதான்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே. நானும் கூட வாறேன்."

வெயில் இறங்கியதும் புறப்பட்டார்கள். சுருளியாண்டி மிதித்தார், சூசைமுத்து பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொண்டான். இரண்டு வருஷம் சைக்கிளைத் தொடாத கால்கள் முதலில் பெடலைத் தேடின. ஆனாலும் அவருடைய இரண்டு கைகளும் நடுவில் ஒரு பிள்ளைக்கு இடம்விட்டு அகன்றே இருந்தன. எதிரில் வண்டி வந்தபோதும் அவர் பெல் அடிக்கவில்லை. தூங்குகிற பிள்ளை விழித்துக்கொள்ளும் என்பதுபோல் ஓரமாக ஒதுங்கிப் போனார்.

தென்னந்தோப்புகள் வந்தன. நெல்வயல் ஈரவாடை வந்தது. தவளைச் சத்தம் தொடங்கியது.

ஒரு சின்ன மதகைத் தாண்டியபோது தவளைச் சத்தம் சட்டென்று நின்றது.

முன்சக்கரம் துள்ளியது.

பாரம் இல்லை.

ஹேண்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட, சுருளியாண்டி காலை ஊன்றி நிறுத்தினார். பார்க்கம்பியைத் தடவினார். குளிர்ந்த இரும்பு. முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். கூடலூர்க் கோபுரம் மரங்களுக்கு மேலே பக்கத்தில்தான் தெரிந்தது.

"இங்கனயா" என்றார். "இங்கனயேவா தாயி?"

அன்று வீட்டிலிருந்து புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே உயிர் போயிருக்கிறது. மிச்சத் தூரம் முழுக்க, கம்பம் தாண்டி, உத்தமபாளையம் வரைக்கும், அவர் பதில் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.

மதகுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை சூசைமுத்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு தள்ளிக்கொண்டே நடந்தார்கள். பிள்ளை கரையேறிவிட்டது, இனி அம்மாவிடம் உண்மையைச் சொல்வதுதான் பாக்கி என்று சூசைமுத்து நினைத்துக்கொண்டான்.

விளக்கு வைக்கும் நேரம். வீட்டில் விளக்கு வைத்திருக்கவில்லை. கதவு திறந்து கிடந்தது. உள்ளே தரையில், சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள் கருத்தம்மாள். இரண்டு வருஷம் கழித்து வந்த புருஷனைப் பார்த்து அவள் எழவில்லை. உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் வந்து கண்ணசந்தா."

அவள் மடியில் யாரும் இல்லை.

ஆனால் சேலை அங்கே அழுந்திக் குழிந்திருந்தது. அவள் மூச்சோடு சேராமல், அந்தக் குழி தனியாக மூச்சு வாங்கியது.

"கருத்தம்மா, உங்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்" என்றார் சுருளியாண்டி.

"அவ சொல்லிட்டா." கருத்தம்மாளின் குரலில் கோபம் இல்லை. "அன்னைக்கு மதகுகிட்டயே எறங்கிட்டேன், அப்பா பாக்காம போயிட்டாருங்குறா. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாளாம். நீங்க தூரத்துல பேசிக்கிட்டே போனது கேட்டுச்சாம்."

சூசைமுத்து ஓசைப்படாமல் வாசலுக்குப் பின்வாங்கினான். வீட்டுக்குப் போய் மகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பில்லை. ஆனாலும் திரும்பிப் பார்த்தான்.

"எனக்குக் கை கடுக்குது" என்று கருத்தம்மாள் சொன்னாள். "சித்த நேரம் வாங்கிக்கிறீகளா?"

சுருளியாண்டி மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் குனிந்து, பதனமாக, ஒன்றுமில்லாததை எடுத்து அதில் வைத்தாள்.

அவர் கைகள் கீழே தாழ்ந்தன.