பச்சையாகவே இருந்த திரை

ஐஸ் ரூமைத் திறந்த கூலிப் பெண் அலறினாள்!

நண்டுக் கூடைகளுக்கு நடுவே முதலாளி வீரபத்திரன்... பின்மண்டையில் ரத்தம்.

மண்டபம் ஊர்க் கடற்கரையில் ஒரு நண்டுக் கம்பெனி. இருட்டுவதற்குள் போலீஸ் ஆளைப் பிடித்துவிட்டது.

அனிட்டா! பில் போடுகிறவள். கம்பெனிக்கு சாப்ட்வேர் எழுதிக் கொடுத்த சகாயவினோத்தின் மனைவி.

"கூடை வந்த நேரத்துலதான் கொலை. அந்த நேரம் பூரா அவ சீட்ல இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர் மகேஸ்வரி. "உன் சாப்ட்வேரே சொல்லுதேப்பா. சிவப்பு... சிவப்பு... சிவப்பு!"

பில் விண்டோவில் ஃபோகஸ் இருந்தால், அதாவது திரையில் அது முன்னால் நின்றால், பச்சை. விலகினால் சிவப்பு. ஆள் வேலை பார்க்கிறாளா என்று வேவு பார்க்க முதலாளி கேட்டு வாங்கியது.

"எடை எல்லாம் ஏத்திருக்காளே மேடம்..."

"பெறகு வந்துகூட ஏத்திருக்கலாம்ல?"

வினோத்துக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. யாரோ ஒருவனின் மனைவியைப் பற்றிக் கேட்பது போலிருந்தது.

"அவ மெஷின ஒருக்கா பாத்துக்கிறேன்."

"பாரு மச்சான், கொலைய அழிக்க முடியுதான்னு!" சூப்பர்வைசர் தர்மராஜ் சிரித்தான். "நானும் பக்கத்து சீட்ல கூடை வரவர எடை போட்டேன். ஒரு சிவப்பு உண்டா? சுத்தப் பச்ச!"

வினோத் பில் விண்டோவைத் திறந்தான். பச்சை. 'எடை' பட்டனை அமுக்கினான். திரையில் குட்டிப் பெட்டி ஒன்று எழும்பியது.

சிவப்பு!

"என்னப்பா... நீ இங்கனதான உக்காந்திருக்க?"

"என் தப்பு மேடம். குட்டிப் பெட்டி தொறந்தா ஃபோகஸ் அதுக்குப் போயிருது. அதுவும் நம்ம பெட்டிதான்னு புரோக்ராமுக்குத் தெரியல. ஆளு போயாச்சுன்னு சிவப்பு போட்டுருது."

"அப்ப அனிட்டா..."

"சிவப்பு வந்தப்பல்லாம் எடை போட்டுக்கிட்டு இருந்திருக்கா."

மகேஸ்வரி மெதுவாகத் திரும்பினார்.

"ஏலே தர்மராஜ்! நீயுந்தான எடை போட்ட? உனக்கு ஏம்லே ஒரு சிவப்பு கூட வரல?"

தர்மராஜ் வாசலைப் பார்த்தான். அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள்...

"விண்டோவத் தொறந்து வச்சிட்டு எந்திரிச்சுப் போனா, அது பாட்டுக்குப் பச்சையாவே நிக்கும்," என்றான் வினோத், சுவரைப் பார்த்து.

"நண்டக் கடத்தி வெளிய வித்தேன்... கண்டுபிடிச்சிட்டாரு..." தர்மராஜின் குரல் உடைந்தது. கையில் விலங்கு விழுந்தது.

"உன் சம்சாரத்தக் கூட்டிட்டுப் போப்பா. ஆமா, அந்தத் தப்ப எப்பச் சரி பண்ணுவ?"

"அவசரமில்ல மேடம்... கம்ப்ளெய்ண்ட் பண்ற ஒரே ஆளு போய்ச் சேந்துட்டாரு!"