இடப்பக்கத்துப் பிள்ளை

போர்ட் பிளேரின் சாத்தத்திலிருந்து வந்த ஃபெர்ரி பாம்பூஃப்ளாட் ஜெட்டியைத் தொட்டபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ராஜகுமாரி பச்சைப்பிள்ளையை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு இறங்கினாள். பின்னால் குணா, தலையில் பெட்டியும் கையில் குக்கருமாக.

தலைப்பிரசவத்துக்குப் பரமக்குடிக்குப் போயிருக்க வேண்டியவள். கப்பல் ரத்தாகி, அடுத்த கப்பலுக்குள் வலி எடுத்துவிட்டது. அம்மா இல்லாமலே ஹரிணி பிறந்தாள். ஒயரிங் வேலைக்காரர்களோடு ஒரே அறையில் முடங்கிக் கிடந்த குணா, மகளுக்காக மேட்டில் ஒரு தகரக்கூரை வீட்டைப் பிடித்திருந்தான்.

வீட்டுக்காரம்மா கமலாட்சி சாவியோடு வாசலில் நின்றாள். அவள் தாத்தா காலத்திலேயே இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம்.

"ஆவோ, ஆவோ, உள்ள வா. பாப்பாவ நனைய விடாத. ஏன்யா, பொண்டாட்டிக்கு ஒரு குடை பிடிக்கத் தெரியாதா உனக்கு?"

"தலையில பெட்டி இருக்குக்கா. குடைய வாயிலதான் கவ்வணும்."

கதவைத் திறந்ததும் ஈரமரத்தின் வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. பூட்டிக் கிடந்த வீட்டில் இருக்கவே கூடாத வாசனை.

புதுப் பால்.

உள்ளறை அலமாரியில் பிறை வடிவத்தில் ஒரு தலையணை இருந்தது. மஞ்சள் துணியில், இலவம்பஞ்சு அடைத்துக் கையால் தைத்தது. இடுப்பைச் சுற்றி வைத்துக்கொண்டு, பிள்ளையை மேலே கிடத்திப் பால் கொடுக்கிற தலையணை. இதே போல ஒன்றைத்தான் ராஜகுமாரி ஃபோனில் நாள்கணக்காகப் பார்த்து ஆர்டர் போட்டிருந்தாள். அதுவும் பால் எடுக்கிற பம்பும் சென்னையில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தன.

"அக்கா, இது யாரோடது? புதுசாட்டம் இருக்கே!"

கமலாட்சி அலமாரிப் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "முன்னாடி இருந்தவங்களோடது. மெயின்லேண்டுக்குப் போறவங்க எல்லாத்தயுமா கப்பல்ல ஏத்துவாங்க? விட்டுட்டுப் போவாங்க, வர்றவங்க எடுத்துப்பாங்க. இங்க அப்படித்தான்." வாசல் வரை போனவள் திரும்பினாள். "வேணும்னா துவைச்சுக்கோ."

ராஜகுமாரி துவைக்கவில்லை. மழையில் எதைத் துவைத்து எங்கே காயப்போடுவது?

ஹரிணிக்கு வலப்பக்கம்தான் முதலில் வாட்டமாக இருந்தது. அவள் வலப்பக்கம் குடிக்கும்போது இடப்பக்கம் தானாகக் கசியும். ராஜகுமாரி பயந்துபோய் அம்மாவிடம் கேட்டாள். அம்மா ஃபோனில் சிரித்தாள்.

"அடியே, ஒரு பக்கம் புள்ள குடிச்சா மறுபக்கம் ஊறத்தான் செய்யும். துணிய மடிச்சு வச்சுக்க. பூண்டு நெறயாப் போட்டுக்க. அங்க பால் சுறா கெடைக்கும்ல? புட்டு அவிச்சுச் சாப்புடு."

துணியை மடித்து வைத்தாள். ஹரிணி குடித்து முடித்து, இடப்பக்கம் மாற்றப் பார்த்தால் மார்பு சுருங்கிக் கிடந்தது. ஒரு சொட்டும் இல்லை.

எடுத்துப் பார்த்தால், மடித்து வைத்த துணி காய்ந்திருந்தது.

பால் எங்கே போனது?

ஹரிணி பாதி வயிற்றோடு அழுதாள். பின்பு அழவும் தெம்பில்லாமல் முனகினாள். சுகாதார மையத்து நர்ஸ் அவளைத் தராசில் போட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். எடை ஏறவே இல்லை. கொடுக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

"பாப்பா நல்லா வாய் திறந்துதான் பிடிக்குது. பால் உனக்குத் தாராளமா இருக்கு. ஃபிர், அப்புறம் புள்ள ஏன் காயுது?" அவள் தனக்கே கேட்டுக்கொண்டதுபோல இருந்தது. "அடுத்த தடவையும் இப்படியேன்னா அட்மிட் பண்ணிடணும்மா. இது விளையாட்டு இல்ல."

மாமியார் அன்றே வாய்ஸ் மெசேஜ் போட்டாள். டப்பாப் பால் வாங்கிக் கொடுக்கச் சொல்லி. தன் மகன் டப்பாப் பாலில்தான் வளர்ந்தானாம்.

"அதான் நான் இந்த லட்சணத்துல இருக்கேன்" என்றான் குணா. ராஜகுமாரி சிரிக்கவில்லை. அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏ, பயப்படாத புள்ள. வாங்கிட்டு வரட்டா?"

"எனக்குப் பால் இருக்குய்யா. இருக்கு. எங்கயோ போகுது."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

தீவில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அன்று கரண்டும் இல்லை. குணா வேலையிலிருந்து திரும்பவில்லை. மழை தகரத்தில் அடித்து ஓய்ந்து, கூரை நுனி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ராஜகுமாரி மெழுகுவத்தி ஏற்றி, கட்டிலில் சுவரோடு சாய்ந்து, மஞ்சள் தலையணையில் ஹரிணியைக் கிடத்திப் பால் கொடுத்தாள். கை ஒழியாததால் ஃபோனை ஜன்னலோரம் வைத்து அம்மாவுக்குப் பேசி அனுப்பினாள்.

"ம்மா... இவ மேல எலும்பு தெரியுதும்மா. எனக்குப் பயமா இருக்கு. நீ வாம்மா. எப்படியாச்சும் வா."

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் வந்தது.

"அழுவாதடி தங்கம். அப்பா கப்பலுக்கு எழுதிப் போட்டிருக்கு. ஏண்டி, ஒன் பக்கத்துல யாரு? மடக்கு மடக்குன்னு ரெண்டு புள்ள குடிக்கிற சத்தம் கேக்குதே. பக்கத்து வீட்டுப் புள்ளயா?"

பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. சரிவுக்குக் கீழே கமலாட்சியின் வீடுதான்.

ராஜகுமாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள்.

வலப்பக்கம், மடக்கென்று ஹரிணி.

இடப்பக்கம், மடக்.

மெல்லக் கண்ணைத் தாழ்த்தினாள். தலையணையின் இடக்கொம்பில் யாரும் இல்லை. ஆனால் நடுவே வட்டமாக ஒரு குழி விழுந்திருந்தது. ஆரஞ்சுப் பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய குழி.

விரலால் தொட்டாள்.

கதகதவென்று இருந்தது.

அந்த மழைச் சேற்றில் பிள்ளையோடு எப்படிச் சரிவிறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கமலாட்சி அவளைப் பார்த்ததுமே உட்கார வைத்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை.

"அந்தத் தலகாணிய நான் அன்னிக்கே எரிச்சிருக்கணும்" என்றாள். "மனசு வரல. ப்ரியங்கா வயித்துப் புள்ளயோட உக்காந்து தெச்சது."

"யாருக்கா ப்ரியங்கா?"

"உனக்கு முன்னாடி அந்த வீட்டுல இருந்த பொண்ணு. திருநெல்வேலிப் பக்கம். ஆம்பளப் புள்ள பொறந்துச்சு. ஊர்லேருந்து ஃபோன்லயே ஆளாளுக்குச் சொன்னாங்க. மொதப் பால் மஞ்சளா வரும், ஆகாது, பீச்சி எறின்னு. பால் நல்லா வெளுக்குற வரைக்கும் சீனித்தண்ணி குடுன்னு. நான் சொன்னேன், அரே, ஆஸ்பத்திரில குடுக்கத்தான சொன்னாங்கன்னு. அது தாய் பேச்சக் கேக்குமா, வாடகை வாங்குறவ பேச்சக் கேக்குமா?"

விளக்கின் திரியைத் தாழ்த்தினாள்.

"புள்ள சுருண்டுச்சு. அன்னிக்குப் பார்த்துத் துஃபான், புயல் காத்து. ஃபெர்ரி பந்த். ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. பெரிய ஆஸ்பத்திரி அக்கரையில. புள்ள இக்கரையிலேயே போயிடுச்சு. மறுநாள் அவளுக்குப் பால் ஊறுச்சு பாரு... ரவிக்கை, சேலை, பாய் எல்லாம். குடிக்கத்தான் ஆள் இல்ல."

ராஜகுமாரி ஹரிணியை இறுக்கிக்கொண்டாள்.

"பொதச்ச எடத்துல தாய்ப்பால் ஊத்தி அனுப்பணும், எங்க ஜனத்துல. அதுக்குள்ள கப்பல் டிக்கெட் கெடச்சுடுச்சு. விட்டா அடுத்தது எப்பவோ. அவள ஏத்திட்டாங்க. யாரும் ஊத்தல. அந்தப் புள்ள ஒரு வாய்கூடக் குடிக்காமத்தான் போச்சு."

அன்றிரவு குணாவுக்கு வேலை முடியவில்லை; ராஜகுமாரி கமலாட்சி வீட்டிலேயே தங்கினாள். விடிந்ததும் இருவரும் அந்தப் பிள்ளையைப் புதைத்த ஓடைக்கரைக்குப் போனார்கள். சிப்பியும் கல்லும் வைத்த சின்ன மேடு. ராஜகுமாரி பாலாடையில் தன் பாலைப் பீய்ச்சி எடுத்து வந்திருந்தாள். மண்டியிட்டு ஊற்றினாள்.

மழையில் ஊறிய மண்தான். ஆனாலும் பால் உள்ளே இறங்கவில்லை, வழிந்தோடவும் இல்லை. மேட்டின் மேல் வெள்ளையாக அப்படியே நின்றது.

"இங்க இல்லக்கா அவன்" என்றாள் ராஜகுமாரி.

கமலாட்சி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது தலையணை கட்டிலில், அவள் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது. இடக்கொம்பில் குழி விழுந்திருந்தது. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. கையில் ஹரிணி முனகினாள். அந்த முனகலுக்கு, குழி மெதுவாக ஒருக்களித்துத் திரும்பியது.

பசியோடு கிடக்கிற பிள்ளை, தாயின் காலடி கேட்டுத் திரும்புவதுபோல.

ராஜகுமாரி உட்கார்ந்தாள். குழி விழுந்த கொம்பைப் பார்த்துச் சொன்னாள்.

"கண்ணு... கொஞ்சம் தள்ளிப் படுய்யா. பாப்பா மொதல்ல குடிச்சுக்கட்டும். இல்லேன்னா அவளும் ஒன்ன மாதிரி ஆயிருவா. அவ வயிறு நெறஞ்சதும் ஒனக்கு. சத்தியமா."

வெளியே ஃபெர்ரி ஊதியது.

குழி மெல்ல மெல்ல நிரவியது. பஞ்சு உப்பி எழுந்தது. ஹரிணியை இடப்பக்கம் போட்டாள். அந்தப் பக்கத்தில் முதன்முறையாகப் பால் இருந்தது. குழந்தை கடைவாயில் வழிய வழியக் குடித்து, அப்படியே தூங்கிப்போனது.

சொன்ன சொல்லுக்காக ராஜகுமாரி இன்னொரு தரம் மாராப்பை விலக்கினாள்.

குளிர்ந்த சின்ன வாய் ஒன்று, தேடித் தேடி வந்து பிடித்தது.

அவளுக்குப் பயம் இல்லை. அழுகைதான் வந்தது. எங்கோ திருநெல்வேலியில் இதற்காகப் பால் கட்டிய மாரோடு கிடந்த ஒருத்திக்காகவும் சேர்த்து அழுதாள்.

அடுத்த தடவை ஹரிணி தராசில் ஏறியபோது நர்ஸ் கைதட்டினாள். "அரே வா! என்னம்மா பண்ணின?"

"பூண்டு" என்றாள் ராஜகுமாரி.

கமலாட்சியிடம் கதையைக் கேட்ட குணா சும்மா இருக்கவில்லை. போர்ட் பிளேர் பக்கம் வேறு வீடு பார்த்துவிட்டான். ஆர்டர் போட்ட தலையணையும் கப்பலில் வந்துவிட்டது.

"பழச இங்கயே விடு. ஒன்னயும் எம்புள்ளயயும் இந்த வீட்டுல தனியா விட்டுட்டு நான் வேல பாக்க முடியாது. கெஞ்சிக் கேக்குறேன்."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. மஞ்சள் தலையணையைத் தட்டிச் சரிசெய்து அலமாரியில் வைத்தாள். கதவைச் சாத்தும்போது உள்ளே திரும்பிப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள். "கோவிச்சுக்காதய்யா" என்று மட்டும் சொன்னாள்.

ஃபெர்ரி பாதிக் கடலைத் தாண்டியது. கம்பியோரம் உட்கார்ந்து ஹரிணிக்குக் கொடுத்து முடித்து, வலத்தோளில் சாய்த்து முதுகைத் தட்டினாள். குழந்தை ஏப்பம் விட்டுத் தூங்கியது. ராஜகுமாரி பின்னால் தேய்ந்துபோகும், வீடிருந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்தது.

"ராஜி" என்றான் குணா, அடிக்குரலில். "ஒன் தோள்ல என்ன?"

இடத்தோளில் ரவிக்கை நனைந்திருந்தது. அப்போதுதான் கக்கிய பால், வெதுவெதுப்பாக.

அவள் துடைக்கவில்லை. இடக்கையைத் தூக்கி, அங்கே ஒன்றுமில்லாத காற்றை, முதுகு தட்டுவதுபோல மெல்லத் தட்டினாள்.