மூடி வைத்த பாயிண்ட்

நேராக வைத்துவிட்டுப் போன பாயிண்ட், சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் திரும்பிக் கிடந்தது.

சவரிநாதன் குனிந்து பார்த்தார். தோட்டத்தில் அவர் போட்டிருந்த பொம்மை ரயில்பாதையில், வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாற்றிவிடும் அந்த விரல் நீளத் தண்டவாளம் கிளைப்பாதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகர்த்தும் சாமான் எதுவும் வெளியே தெரியக் கூடாது என்றுதான் இரண்டு மாதமாகப் பாடுபட்டார்: சைக்கிள் பிரேக் கம்பியைக் குழாய்க்குள் விட்டு, மண்ணுக்கடியில் கொண்டுவந்து, அது முடியும் இடத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்து, உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவி, மேலே ஓட்டுத்துண்டு வைத்து மணல் தூவியிருந்தார். இழுக்கும் கைப்பிடி அரளிச் செடிக்குப் பின்னால். பார்க்கிறவர்களுக்கு ரயில் தானாகவே வழி மாறுவதுபோல இருக்கும். யார் கையும் தெரியாது.

எழுபத்தாறாம் வருஷத்து மே மாத உச்சிவெயில். இடுப்புயர மதிலுக்கு அப்பால் மரக்காணத்து உப்பளம் கண்ணைக் குத்தும் வெள்ளையாக விரிந்து கிடந்தது. காலையிலேயே வாரிக் குவித்துவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள். காற்று இல்லை. காய்ந்த சேற்றின் நாற்றம் மட்டும் அசையாமல் நின்றது.

கைப்பிடியை இழுத்துப் பாயிண்ட்டை நேராக்கினார். 'டக்' என்று விழுந்தது. நாலடி நடப்பதற்குள் பின்னால் இன்னொரு 'டக்'.

திரும்பியிருந்தது.

"ஏங்க, இந்த வெயில்ல இன்னா பண்றீங்க?" சமையற்கட்டிலிருந்து அவர் மனைவி இன்னாசிமேரி கேட்டாள்.

"கம்பி எங்கியோ மாட்டிக்கிச்சு. தோ வந்துட்டேன்."

குப்புறப் படுத்து, ஓட்டுத்துண்டை நீக்கிக் கையை விட்டார். முழங்கை போயிற்று. கம்பி தட்டுப்படவில்லை. தோள் தரையில் முட்டியும் அடி தட்டவில்லை. உள்ளேயிருந்து நிலக்கரிப் புகையும் எஞ்சின் எண்ணெயும் கலந்த ரயில்வே யார்டு வாசனை வந்தது.

அப்போது மணிக்கட்டை ஏதோ பிடித்தது.

விரல்கள். சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

குழந்தைசாமி.

அவரோடு ரயில்வே ஸ்டேஷனில் பாயிண்ட் மாற்றும் வேலை பார்த்தவன். ஐந்து வருஷத்துக்கு முன்னால், பாயிண்ட்டில் சிக்கிய ஜல்லியை அவன் எடுத்துக்கொண்டிருந்தபோது, பார்க்காமல் லீவரை இழுத்தவர் இவர். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே அவன் பாதம் மாட்டிக்கொண்டது. "அண்ணே, கையக் குடுண்ணே" என்று அவன் கையை நீட்டினான். கூட்ஸ் வந்துகொண்டிருந்தது. இவர் கையைக் கொடுக்கவில்லை. வண்டி அவன்மேல் ஏறிய பிறகு, தான் இழுத்தது தெரியாமலிருக்க ஓடிப்போய் லீவரைப் பழைய இடத்தில் வைத்தார். விசாரணையில், "நான் தொடவே இல்லீங்க" என்றார். செத்தவனின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள்.

"மேரீ!"

ஓடி வந்த இன்னாசிமேரி அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். தோள் மூட்டு கழன்றுவிடும்போல வலித்தது. கை வரவில்லை.

"உள்ள இன்னாங்க இருக்குது?"

லீவரை இழுத்ததை அவளிடமும் அவர் சொன்னதில்லை.

"இருங்க, ஆளுங்களக் கூட்டியாறேன்." தெருப்பக்கம் ஓடினாள்.

கன்னத்துக்கு அடியில் மண் அதிர்ந்தது.

திண்டிவனம் போனால்தான் ரயில். இங்கே தண்டவாளமே கிடையாது. தலையைத் தூக்கினார்.

உப்பளத்தின் கோடியில் ஒரு வரப்பு அமுங்கியது. இரண்டு இடத்தில். ஒரு கெஜ இடைவெளியில். பிறகு அடுத்த வரப்பு. அதற்கடுத்தது. பாத்தித் தண்ணீர் இரு பக்கமும் விலகித் தெறித்தது. மேலே எதுவும் இல்லை. வெயில் மட்டும்.

நேராக அவரை நோக்கி வந்தது.

"வுடுறா! நான்தான் இழுத்தேன். நான்தான்டா... வுடு!"

விடவில்லை. உள்ளே இழுக்கவும் இல்லை. அந்தக் கை நடுங்கியது. அதற்கும் பயம்.

உப்புக் குவியல் இரண்டாகப் பிளந்தது. மதிலிலிருந்து செங்கல் உதிர்ந்தது.

குழிக்குள் இன்னொரு கையும் வந்து அவர் விரல்களை இறுகப் பற்றிக்கொண்டது.