எட்டாவது நிமிடம்

கணினியை அணைத்து, மதர்போர்டிலிருந்த இரண்டு ஜம்பர்களையும் பிடுங்கி, வாங்கிய அன்று இருந்த இடத்திலேயே திரும்பச் செருகிவிட்டு, மறுபடியும் பொத்தானை அழுத்தியபோது திரையின் மேல் மூலையில் 250 என்றே வந்தது.

பழைய வேகமான 166 என்று வந்திருக்க வேண்டும். அந்த ஜம்பர்கள் நகத்தளவு பிளாஸ்டிக் துண்டுகள்தான். எந்த ஊசிகளில் செருகுகிறோமோ அதைப் பொறுத்துப் ப்ராசசரின் வேகம் கூடும், குறையும். நல்லமுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். சரியான இடத்தில்தான் இருந்தன. இன்னும் இரண்டு முறை கழற்றி மாட்டினான். இரண்டு முறையும் 250.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் காடுகள் எரிந்த புகை மூன்று வாரமாகத் தீவை மூடிக் கிடந்ததில், ஜெலுத்தோங்கின் அந்த வரிசை வீடுகளில் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துண்டு திணித்திருந்தும் கருகிய மரவாசனை உள்ளே வந்துகொண்டேதான் இருந்தது. அதோடு ஈரத்துணியின் முடை, பின்னறையிலிருந்து பதினாறு நாளாகியும் போகாத தைல நெடி. நைட் ஷிப்ட் முடித்து ஃபேக்டரியிலிருந்து வந்த அவன் மனைவி ருக்குமணி அந்த அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே இருட்டான அறை அது. அவளுடைய மெல்லிய குறட்டை கூடம்வரை கேட்டது.

பதினாறு நாளைக்கு முன்பு அந்தக் கட்டிலில் அக்கா கிடந்தாள்.

வடிவம்மாள் அவனைவிடப் பதினான்கு வயது மூத்தவள். பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவி அவனைப் படிக்கவைத்தவள். பக்கவாதம் வந்து இடப்பக்கம் முழுக்க விழுந்துபோனதிலிருந்து அவன் வீட்டில் இருந்தாள். கூடவே இருந்த இழுப்பு, புகை வந்ததும் முற்றிவிட்டது. மேசைக் காத்தாடியை முகத்துக்கு நேரே வைத்தால்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

நல்லமுத்துவுக்குப் பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஆபிசில் வேலை. அடுத்த மேசை கமாலும் இதே ப்ராசசரைத்தான் வாங்கியிருந்தான். அதை 233-க்கு ஏற்றிவிட்டதாக ஆபிஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

“உங்களுது இன்னும் நொண்டிக்கிட்டுத்தான் இருக்காண்ணே? விடுங்க லா, எல்லா சிப்பும் ஒண்ணாவா இருக்கும்?” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்காகத்தான். அவ்வளவு அற்பமான காரணம். நல்லமுத்து 250-க்கே ஏற்றினான். ஆனால் வேகத்தை அளந்து எண் போடும் பரிசோதனை பன்னிரண்டு நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். ஒவ்வொரு தடவையும் எட்டாவது நிமிடத்தில் ப்ராசசர் சூடேறித் திரை உறைந்துவிடும். பெட்டியைத் திறந்து வைத்துப் பெரிய காத்தாடியால் காற்றடித்தால் தாக்குப்பிடிக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

“அக்கா, ஆபிஸ் வேலை. காத்தாடிய ஒரு பத்து நிமிஷம் எடுத்துக்கவா?”

“எடுத்துக்கோ தம்பி. வேலைன்னா செஞ்சுதானே ஆகணும்.”

ஆறாவது நிமிடத்தில் அவளுடைய வளையல் இரும்புக் கட்டிலில் தட்டுவது கேட்டது. கேட்கவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். கேட்டது. பரிசோதனை தானாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து போனால் எதுவும் நின்றுவிடப் போவதில்லை. ஆனால் போனால் காத்தாடியைக் கேட்பாள். அதனால் போகவில்லை. ஏழாவது நிமிடத்தில் தட்டல் நின்றபோது அப்பாடா என்று இருந்தது. எட்டாவது நிமிடம் கடந்தது. பன்னிரண்டும் முடிந்ததும் தனியாக உட்கார்ந்து கைதட்டினான்.

பிறகுதான் போய்ப் பார்த்தான்.

பார்த்தவுடன் அவன் செய்த முதல் காரியம், காத்தாடியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முகத்துக்கு நேரே வைத்து மூன்றாம் எண்ணில் திருப்பியதுதான். நரைமுடி எழுந்து பறந்தது. வேலை முடிந்து வந்த ருக்குமணி, “காத்தாடி மூணுல ஓடியும் மூச்சு முட்டியிருக்கே, பாவம்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவன் தலையாட்டினான். காரியமெல்லாம் முடிந்து ஆபிசுக்குப் போன முதல் நாள், கமால் வந்து கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கி நின்றபோது, அவன் வாய் சொன்னது: “இருநூத்தம்பது ஓடுது, கமால்.”

கமால் மெதுவாகக் கையை விட்டான்.

அந்தக் கை விலகியது இரவும் பகலும் அவனை அரித்தது. இன்றைக்கு வேகத்தைப் பழையபடி குறைத்துவிட்டு, இனிமேல் பெட்டியைத் திறப்பதே இல்லை என்று முடிவுசெய்துதான் உட்கார்ந்தான்.

ப்ராசசர் மேலிருந்த அலுமினியப் பாளத்தை விரலால் தொட்டான். சுட வேண்டும். சுடவில்லை. காய்ச்சல் விட்ட நெற்றிபோலக் குளிர்ந்து, வியர்த்திருந்தது. அதன் தலையில் சுழன்றுகொண்டிருந்த சின்ன விசிறியின் வயரைப் பிடுங்கினான். விசிறி நின்றது. பாளம் இன்னும் குளிர்ந்தது.

விரல் நுனியில் காற்று பட்டது.

பெட்டிக்குள்ளிருந்து வந்தது. ஈரமான காற்று. கொஞ்சம் வரும், நிற்கும், பிறகு உள்ளே இழுக்கும். ஹார்ட் டிஸ்க்காக இருக்கும் என்று நினைத்துக் காதை அருகே கொண்டுபோனான். இழுக்கும்போது நீளமாக, விடும்போது அடித்தொண்டையில் விசிலடித்துக்கொண்டு. மூன்று வருஷம் அந்தச் சத்தத்தோடு ஒரே வீட்டில் இருந்தவன் அவன்.

தைல நெடி. இப்போது பின்னறையிலிருந்து அல்ல.

திரையில் பரிசோதனை தொடங்கியது. அவன் மௌசைத் தொடவில்லை. முதல் நிமிடம்.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். மூன்று பித்தளைக் கால்களும் அவன் உள்ளங்கையில் இருந்தன. இரண்டாம் நிமிடம். பிளக்கைத் தரையில் போட்டான். மூன்று. கடிகாரம் அவ்வளவு வேகமாகப் போகாது. ஐந்து. ஏழு.

“அக்கா,” என்றான்.

காற்று நின்றது.

உள்ளே இழுத்தது வெளியே வரவில்லை. காத்திருந்தான். வரவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. பிற்பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு சத்தமும் நின்றிருந்தது.

குறட்டை.

ஓடினான்.

ருக்குமணி மல்லாந்து கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன. அவனையே பார்த்தன. உதடுகள் நீலம். நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. வலக்கை வயிற்றின்மேல் அமைதியாக இருந்தது. இடக்கை மட்டும் மெத்தையைப் பிறாண்டியது. அக்காவுக்குச் செத்துப்போயிருந்த அந்தப் பக்கம் மட்டும் இன்னும் ருக்குமணியினுடையது.

“ருக்கு!”

வாயின் வலது ஓரம் அசைந்தது.

“தம்பி.”

கட்டிக்கொண்ட ஒன்பது வருஷத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

“மூச்சப் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒனக்கு வேலை முடிஞ்சிருச்சா? விட்ரவா?”

கோபம் இல்லை. குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை. அவனால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

“விடுக்கா! முடிஞ்சிருச்சு. விட்ரு!”

அவள் தலையைச் சாய்த்துக் காதுகொடுத்தாள். மறுபடியும் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். தோளைப் பிடித்து உலுக்கினான். ஈரமாக, குளிர்ந்து இருந்தது தோள்.

“கேக்கல தம்பி,” என்றாள், தன்மேல்தான் தப்பு என்பதுபோல. “இன்னும் கொஞ்ச நேரம்னாலும் பரவால்ல லா. நீ வேலையப் பாரு. நான் இருக்கேன்.”

இடக்கை பிறாண்டுவது மெதுவாகி, நின்றது. கண்களை அவன் முகத்திலிருந்து எடுக்காமல், அவனுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற பணிவோடு, ருக்குமணியின் நீல உதடுகள் இறுக மூடிக்கொண்டன.