குரல்நகலின் கூலி

தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் காலை அறிவிப்பு தொடங்கியதும் செலஸ்டீனா எடை போடுவதை நிறுத்திவிடுவாள்.

"ராயப்பன் பேசுதேன். தென்கிழக்கே காத்து கூடுது. சின்னப் படகுக்காரங்க தீவைத் தாண்ட வேண்டாம்."

சூரிய ஒளியில் ஓடும் படகுகள் அந்தக் குரலைக் கேட்டுத் திசை திருப்பிக்கொள்ளும். அது அடங்கிய பிறகே அவள் அடுத்த மீனைத் தூக்குவாள். வாங்க வந்தவர்களும் பொறுத்திருப்பார்கள். ராயப்பன் அவள் கணவர். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது.

அவர் கடல் அறிவிப்பு நிறுவனத்தில் இருந்தபோதே அவருடைய பேச்சு, கடலறிவு, நினைவு எல்லாவற்றையும் சேர்த்து, அவரைப் போலவே யோசித்துப் பேசும் குரல்நகல் ஒன்றை எடுத்திருந்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாளே நகல் வேலைக்கு வந்துவிட்டது. சம்பளம் மட்டும் நின்றுபோனது.

கடல் ஏறி ஏறி வீட்டுச் சுவரைத் தொட்டபோது, மேட்டுப்பக்கம் இடம் பார்க்க அவளுக்குப் பணம் தேவைப்பட்டது. நிறுவனத்துக்குப் போய்க் கேட்டாள்.

"அது வெறும் மெஷின்மா. மெஷினுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா?" என்றார் மேலாளர்.

"மெஷின்னா அவுக பேரைச் சொல்லி எதுக்குப் பேசுது?"

அவள் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். இறந்தவரின் நகல் உழைத்தால் அதுவும் தொழிலாளிதான், கூலி வாரிசுக்கே சேரும் என்று மாநிலச் சட்டம் சொன்னது. விசாரணை அதிகாரி முத்துநாச்சியார் பாக்கி முழுவதையும் அபராதத்தோடு கொடுக்க உத்தரவிட்டார். செலஸ்டீனா எழுந்து கும்பிட்டாள்.

"உக்காருங்கம்மா. இன்னும் ஒண்ணு இருக்கு. தொழிலாளின்னு ஒத்துக்கிட்டா, வேலையில தொடர விருப்பமான்னு அவர்கிட்டயும் கேக்கணும். வேண்டாம்னு சொன்னா நகலை அணைச்சிருவாங்க."

செலஸ்டீனா இதை எதிர்பார்க்கவில்லை. "கேக்காம விட முடியாதாம்மா?"

"கேக்காம விட்டா, அவரை மெஷின்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிரும்."

அவள் தலையசைத்தாள். மேசை மேலிருந்த ஒலிபெருக்கியில் இணைப்புக் கொடுத்தார்கள். அதிகாரி கேள்வியைப் படித்தார். இரைச்சலுக்கு நடுவே ராயப்பனின் குரல் வந்தது.

"எவ்வளவு நாளா வேலை பாக்கேன், மேடம்?"

"ரெண்டு வருஷமா."

"நடுவுல ஒரு நாள்கூட லீவு இல்லையோ?"

"இல்லை."

"அப்படித்தான் தோணுச்சு. செலஸ்டீனா அங்க இருக்காளா?"

இந்த இரண்டு வருடத்தில் அந்தக் குரல் அவள் பெயரைச் சொன்னதில்லை. சொல்ல யாரும் விட்டதில்லை.

"இருக்கேன்," என்றாள்.

"கரைக்கு வந்துரலாம்னு இருக்கு. நீ என்ன சொல்லுத?"

இருங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவார். உயிரோடு இருந்தபோதும் அவள் பேச்சைத் தட்டியவரில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"வந்துருங்க," என்றாள் கடைசியில்.

வெளியே மகள் ஸ்டெல்லா காத்திருந்தாள். "அப்பா என்னம்மா சொன்னாவ?"

"வேலையை விட்டுட்டாவ."

அவர் இறந்த அன்று அழாத ஸ்டெல்லா, அலுவலகப் படியிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.