மூன்றரை மணிக்குப் பாடிய சுவர்க்கோழி

மாலை நாலரை மணிக்கு அக்கா தன் ஆய்வறையின் பூட்டைத் திறந்தாள். உள்ளே கண்ணாடிப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் வெள்ளரித் துண்டு இருந்தது. சுவர்க்கோழிப் பூச்சி இல்லை.

நாலு ஐம்பதுக்குக் காவல் நிலையத்துக்குத் தகவல் வந்தது. எழுத்தர் பாதி காதில் வாங்கிக்கொண்டு "கோழி திருட்டு" என்று எழுதினார். விஷயம் தெரிந்ததும் நிலையமே சிரித்தது. மேலதிகாரி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "புகார் கொடுத்திருக்கிறது உங்க அக்காவாமே? நீங்களே போயிட்டு வந்துடுங்க. வேற யாரை அனுப்பினாலும் சிரிக்காம விசாரிக்க மாட்டாங்க" என்றார்.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா சம்பந்தப்பட்ட எதற்கும் அவளுக்குச் சிரிப்பு வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்புக்குப் போனாலும், "நீ அவ தங்கச்சியா?" என்று ஆவலாகக் கேட்ட டீச்சர்கள், முதல் பரீட்சைத் தாளைத் திருத்தியதும் "நீ அவ தங்கச்சிதானா?" என்று கேட்பார்கள். ஒரே ஒரு 'தான்' மட்டும்தான் வித்தியாசம். அது முள்ளாகத் தைத்து இன்னும் வெளியே வராமல் இருந்தது.

ஐந்தேகாலுக்கு அவள் ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில் ஏறினாள். நீளமான நடைக்கூடம். ஒரு பக்கம் பூச்சிகளின் ஒலியை ஆராயும் அறை. அதை ஒட்டிக் கல்வெட்டு அறை. எதிரே மண் ஆராய்ச்சி. நடையின் நடுவில், பூச்சி அறைக்கு நேர் வெளியே ஒரு மேஜை, அதன் மேல் டீக் கெண்டி. மாடி முழுவதும் அடுப்புக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

"ஏ.சி. போயிடுச்சு. ஒன்றரை மணிக்கு மிஷினே வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். மெக்கானிக் நாளைக்குத்தான் வருவானாம்" என்றார் வாசலில் நின்ற கல்வெட்டுக்காரர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி.

அக்கா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். பக்கத்தில் அத்தான் காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு, முதல்லேருந்து சொல்லு" என்றாள் இன்ஸ்பெக்டர்.

மூன்று மாதத்துக்கு முன், கைவிடப்பட்ட பழைய சுரங்கம் ஒன்றில் அக்கா கண்டெடுத்த சுவர்க்கோழி அது. அந்த இனம் அழிந்தே போய்விட்டது என்று புத்தகங்கள் சொல்லின. அக்கா அதன் பாட்டைப் பதிவுசெய்து வெளியிட்டாள். உடனே வேறு ஊர் அறிஞர்கள் சிலர், ஏதோ சாதாரணப் பூச்சியின் பாட்டை மாற்றி ஓட்டியிருக்கிறாள், பித்தலாட்டம் என்று எழுதினார்கள். நேரில் கேட்டு முடிவு சொல்ல மூன்று பேர் கொண்ட குழு நாளைக் காலை வருகிறது.

"இருந்தது அது ஒண்ணுதான். நாளைக்கு அவங்க வந்து காலிப் பெட்டியைப் பார்த்தா, நான் பித்தலாட்டக்காரின்னு முடிவே பண்ணிடுவாங்க. இருபது வருஷப் பெயர்டி."

"கடைசியா எப்ப பார்த்தே?"

"பன்னிரண்டு மணிக்கு. பூட்டிட்டு இயக்குநர் அறைக்குப் போயிட்டேன், பக்கத்துக் கட்டடத்துக்கு. நாளைக்கு ஏற்பாடு பேசி முடிச்சு நாலரைக்குத்தான் வந்தேன்."

"மூன்றரை வரைக்கும் பூச்சி இருந்திருக்கு" என்றார் அத்தான். அவர் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர். எதையும் உறுதியாகத்தான் சொல்வார். "இவளைக் கூட்டிட்டுப் போக வந்தேன். டீ மேஜைகிட்ட நாலஞ்சு பேர் நின்னோம். உள்ளேருந்து பாடுச்சு. எல்லாரும் கேட்டோம். அதுக்கு அப்புறம்தான் எவனோ..."

ஆக, மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில் ஒரு மணி நேரம். இன்ஸ்பெக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் வலை கிழியவில்லை. பூட்டு உடையவில்லை. ஒரு கணினி, அதோடு இரண்டு ஒலிபெருக்கிகள்.

"இது எதுக்கு?"

"மத்த இனங்கள்ல ஆணோட பாட்டை ஓடவிட்டு, பெண் பூச்சி எப்படித் திரும்புதுன்னு பார்ப்போம்" என்றாள் அக்கா. சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி, அந்த நிலைமையிலும் பாடம் நடத்தத் தொடங்கினாள். "இதுங்களுக்கு உடம்புச் சூடுன்னு தனியா கிடையாது. வெயிலுக்கு ஒரு வேகம், குளிருக்கு ஒரு வேகம். சூடு ஏற ஏற..."

"சரி சரி. சாவி யார் யார்கிட்ட இருக்கு?" அக்கா பாடம் எடுத்தால் வெட்டுவது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம்.

"மூணு சாவி. என்கிட்ட ஒண்ணு. ஆபீஸ் ஆணியில ஒண்ணு, யார் வேணும்னாலும் எடுக்கலாம். செம்மண்கிட்ட ஒண்ணு."

செம்மண் என்பது விடுதிக் காலத்தில் அக்கா வைத்த பெயர். எதிர் அறை மண் ஆராய்ச்சிக்காரி. அக்காவின் இருபத்தைந்து வருஷத் தோழி. மண் மாதிரிகளை அக்காவின் குளிர்பெட்டியில் வைப்பதால் ஒரு சாவி.

"ஆனா அவ ஒரு மணிக்கே ஊருக்கு அந்தக் கோடியில ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிட்டா. மூணு மணியிலேருந்து நாலரை வரைக்கும் அங்க மேடையில இருந்திருக்கா" என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் கல்வெட்டுக்காரரைத் தனியாக அழைத்தாள்.

"உங்களுக்கும் அக்காவுக்கும் ஆகாதாமே?"

"ஆகாதுதான். மறைக்க என்ன இருக்கு மேடம்? ஆயிரம் வருஷமா யாரும் படிக்காத எழுத்தைப் படிச்சேன். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. ஒரு பூச்சி கத்துச்சு, கேமராவைத் தூக்கிட்டு வர்றாங்க. என் அறையில பாதியைத் தடுத்து அவங்களுக்குக் கொடுக்கப் போறாங்களாம். வயிறு எரியுமா எரியாதா?"

"எரிஞ்சா?"

"மோர் குடிப்பேன். திருட மாட்டேன்."

"மூன்றரைக்குப் பாட்டு கேட்டீங்களா?"

"கேட்காம? மூணு மாசமா சுவரைத் தாண்டி என் மண்டைக்குள்ளதானே பாடுது. வழக்கம்போலத்தான். நிதானமா, நின்னு நின்னு. டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும்."

அடுத்து அத்தான்.

"தப்பா நினைக்காதீங்க அத்தான். கேட்டுத்தான் ஆகணும்."

"கேளு. வீட்டுல அவ பேசறது பூச்சி, சாப்பிடறப்போ பூச்சி, தூக்கத்துல பூச்சி. பொண்டாட்டி இன்னொருத்தன் பேரைச் சொன்னா சண்டை போடலாம். பூச்சி பேரைச் சொன்னா என்ன பண்றது? பொறாமை இருந்துச்சுன்னே எழுதிக்கோ." அவர் சிரித்தார், சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. "ஆனா அவ நாளைக்குத் தலைகுனிஞ்சு நின்னா, அதை என்னால பார்க்க முடியாது."

பொறாமைக்காக உள்ளே தள்ள ஆரம்பித்தால் முதலில் நான்தான் போக வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு மாடிப்படியில் வேகமான காலடி. செம்மண் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"ஐயோ, வழியில போன்ல சொன்னாங்க! யாருடி இப்படிப் பண்ணினது?" கண்ணைத் துடைத்தவள், கையோடு நெற்றியையும் துடைத்தாள். "ஏன் இங்க இப்படி வேகுது? மத்தியானம் நான் மண் டப்பா எடுக்க வந்தப்போ குளுகுளுன்னு இருந்துச்சே!"

"எத்தனை மணிக்கு?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"பன்னிரண்டே முக்கால் இருக்கும். பூச்சி பெட்டியில இருந்துச்சு, நான் பார்த்தேன். அப்புறம் கிளம்பிட்டேன். நான் மேடையில பேசினதை இருநூறு பிள்ளைங்க பார்த்தாங்க."

"நான் இன்னும் கேட்கவே இல்லையே அக்கா."

"போலீஸ்னா கேட்பீங்கதானே" என்றாள் செம்மண்.

இன்ஸ்பெக்டர் நடைக்கு வந்து டீ மேஜையருகே நின்றாள். சட்டை முதுகில் ஒட்டியது. மூன்றரை மணிக்கு இதைவிடச் சூடாக இருந்திருக்கும். அந்தப் புழுக்கத்தில் கெண்டியைச் சுற்றி நின்றவர்கள், உள்ளே பாட்டு, "வழக்கம்போலத்தான்." அந்தச் சொல் அவளை விடவில்லை. இன்றைக்கு இந்த மாடியில் எதுவுமே வழக்கம்போல இல்லையே?

அவள் உள்ளே திரும்பி, வாழ்க்கையில் முதல் முறையாக அக்காவிடம் பாடம் கேட்டாள்.

"சூடு ஏற ஏறன்னு எதையோ சொல்ல வந்தியே. சொல்லி முடி."

"சூடு ஏற ஏறப் பாட்டு வேகமாகும். இந்தப் புழுக்கத்துல இருந்திருந்தா மூச்சுவிடாம கிரிகிரின்னு..."

இன்ஸ்பெக்டர் கல்வெட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "சார், மத்தியானம் கேட்டதை இந்த மேஜையில விரலால தட்டிக் காட்டுங்க."

"தூக்கத்துலகூடத் தட்டுவேன்" என்று அவர் தட்டினார். தட்டி, நிறுத்தி, மறுபடி தட்டி. சாவகாசமான தாளம். அத்தானும் ஆமாம் என்று தலையசைத்தார்.

அக்காவின் முகம் மாறியது. "இது ஏ.சி. ஓடறப்போ பாடற வேகம். இந்தச் சூட்டுல அது இப்படிப் பாடவே முடியாதுடி."

"பாடலை" என்றாள் இன்ஸ்பெக்டர். "மூன்றரைக்குப் பெட்டி ஏற்கெனவே காலி. பாடினது அந்த ஒலிபெருக்கி. பழைய பதிவு ஒண்ணை மூன்றரைக்குத் தானா ஓடற மாதிரி கணினியில வச்சிருக்காங்க. டீ நேரத்துல எல்லாரும் வாசல்ல நிப்பாங்கன்னு தெரிஞ்ச யாரோ."



"இப்ப யோசிங்க. பூச்சி மூன்றரைக்கு இருந்ததா நாம நம்பினா யாருக்கு லாபம்? இங்க நின்னவங்களுக்கு நஷ்டம்தான். அத்தனை பேரும் சந்தேகத்துல மாட்டினாங்க. லாபம், மூன்றரைக்கு இங்க இல்லாத ஒருத்தருக்கு. அப்புறம், அந்த ஆளுக்குப் பூச்சியைப் பத்தி நல்லாத் தெரியும். இருக்கிற பதிவுகள்ல, ஏ.சி. குளிருக்குப் பொருந்தற பதிவாப் பார்த்து எடுத்திருக்காங்க. கணக்கு சரிதான். ஏ.சி. நின்னது மட்டும் தெரியாது. ஏன்னா ஒன்றரைக்கு முன்னாடியே கிளம்பியாச்சு. திரும்பி வந்தப்புறம்தான், ஏன் வேகுதுன்னு கேட்டாங்க."

எல்லாருடைய பார்வையும் ஒரே பக்கம் திரும்பியது.

"செம்மண் அக்கா, பூச்சி எங்கே?"

செம்மண் மறுப்பாள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"கார்ல. மண் டப்பாவுல இருக்கு. ஈர மண் போட்டு, மூடியில ஓட்டை போட்டு வச்சிருக்கேன். சாகாது." அக்காவை நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள். "நசுக்கி ஜன்னல் வழியா எறியணும்னுதான் எடுத்தேன். கை வரலை. முதல்ல அதைத் தொட்டதே இந்தக் கைதான். சுரங்கத்துக்குப் போனது என் மண் வேலைக்கு. இவ துணைக்கு வந்தா. சத்தம் கேட்டது எனக்கு. பாறை இடுக்குல கையை விட்டு எடுத்தது நான். கட்டுரை வந்துச்சு. என் பேர் எங்கே இருந்துச்சு தெரியுமா? கடைசிப் பக்கம். நன்றி சொல்ற இடத்துல, கார் ஓட்டினவருக்கு அடுத்தபடி."

"நீ பூச்சி ஆராய்ச்சி இல்லையேடி..." என்றாள் அக்கா. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா போட்டிருப்பேனே?"

"கேட்டுத்தான் வாங்கணும்னா, அது எனக்கு வேண்டாம்."

அந்தப் பதில் தன் வாயிலிருந்து வந்தது போலவே இன்ஸ்பெக்டருக்கு இருந்தது. இவளை வண்டியில் ஏற்றும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தாள்.

டப்பாவைத் திறந்ததும் சுவர்க்கோழி மீசையை ஆட்டியது. அக்கா அதைப் பெட்டியில் விட்டாள். பிறகு வெகு நேரம் கணினி முன் உட்கார்ந்திருந்தாள். புகாரை வாபஸ் வாங்குகிறாயா என்று அத்தான் கேட்டார்.

"வாங்க மாட்டேன். என்னைப் பித்தலாட்டக்காரின்னு உலகம் சொல்லட்டும்னு நினைச்சவ அவ." அக்கா தட்டச்சு செய்துகொண்டே சொன்னாள். "ஆனா கண்டெடுத்தது அவதான். கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பறேன். அவ பேர் முதல்ல வரும். அது வேற, இது வேற."

அப்படியும் ஒருத்தியால் இருக்க முடிகிறதே என்று இன்ஸ்பெக்டருக்கு இன்னும் கொஞ்சம் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் குழு வந்தது. சுவர்க்கோழி அரை மணி நேரம் எல்லாரையும் தவிக்கவிட்டு, பிறகு பாடியது. மூன்று அறிஞர்களில் வயதானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கைதட்டல் கேட்டபோது இன்ஸ்பெக்டர் கடைசி வரிசையில், கதவோரம் நின்றிருந்தாள். செம்மண் அந்த நேரம் நீதிமன்ற வராந்தாவில் ஜாமீனுக்காக உட்கார்ந்திருந்தாள்.

மாலையில் அம்மா போனில் அழைத்தாள்.

"அக்காவோட பூச்சி கிடைச்சுட்டுதாமே!"

"கிடைச்சுட்டுதும்மா."

"எனக்குத் தெரியும். அவ கெட்டிக்காரி, எப்படியாவது கண்டுபிடிச்சுடுவான்னு உங்க அப்பாகிட்ட சொல்லிட்டே இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தாள். மேஜையில் செம்மண்ணின் வாக்குமூலம் இன்ஸ்பெக்டரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அதன் மேல் பேனாவை வைத்தபடி, "ஆமாம்மா" என்றாள்.