கேட் தூணில் கட்டிய பாவு

எழுந்தான். மோட்டார் போட்டான். பால் காய்ச்சினான். குளித்தான். நேற்றைய சட்டையின் நிறத்திலேயே இன்னொரு சட்டை. வீட்டைப் பூட்டினான். மூங்கில் மண்டபம் நிறுத்தத்தில் கம்பெனி வேன் நிற்கும். மனைவி காயத்ரி இறந்த பிறகு குமாரவேலின் காலை இவ்வளவுதான்.

வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே அவள் போட்ட கிளாடியோலஸ் பூப் பாத்தி. அதைப் பார்க்காமல் கடந்து போவதும் அந்தக் காலையில் ஒரு வேலை.

கேட்டைத் தள்ளினான்.

"அண்ணா! திறக்காதீங்கண்ணா!"

கை அதற்குள் தள்ளிவிட்டது. கேட் எதிலோ போய் முட்டியது. தறியில் ஏற்றும் முன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டு நூல் பாவு. அதன் ஒரு முனை அவன் கேட் தூணில் கட்டியிருந்தது. நாலைந்து இழைகள் அறுந்து தொங்கின.

ஒருத்தி ஓடி வந்து அறுந்த நுனிகளை விரலிடுக்கில் பிடித்தாள்.

"யாரைக் கேட்டு இங்க கட்டினீங்க?"

"எப்பவும் கட்டற கம்பத்துக்கிட்ட கால்வாய் நோண்டிக்கினு இருக்காங்க. அப்பா நேத்தே சொன்னாராமே... நீங்க தலையாட்டினீங்களாம்."

ஆட்டியிருப்பான். இந்த ஒரு வருடத்தில் எதற்குத்தான் அவன் தலையாட்டவில்லை?

"எனக்கு வேன் போயிடும்."

"எனக்கு இழை போயிடுச்சே!" நிமிர்ந்தாள். மை கலைந்த பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் பெரிதாகின. "சுவரேறிக் குதிங்க. வயசா ஆயிடுச்சு?"

குதித்தான். முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. வேனில் ஏறிய பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் சங்கரி. நாலு வீடு தள்ளித் தறி நெய்யும் ஏகாம்பரத்தின் மகள். சென்னையில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போட்டுக்கொண்டிருந்தவள், அப்பாவின் தோள்வலிக்காக ஊர் திரும்பியிருந்தாள். அதன் பிறகு பாவு நீட்டிய காலைகளிலெல்லாம் அவன் கேட் அருகே நின்றாள்.

"இன்னிக்கும் சுவர்தானா?" என்பான்.

"பழகிட்டீங்களே. பேன்ட்டுதான் பாவம்."

'அண்ணா' எப்போது நின்றுபோனது? அவன் கவனிக்கவில்லை.

ஒருநாள் பாத்தியை எட்டிப் பார்த்தாள். "இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சே. தண்ணி ஊத்த மாட்டீங்களா?"

"பூத்து முடிஞ்சா அப்படித்தான் காயும். கிழங்கைத் தோண்டி, உலர்த்தி எடுத்து வைக்கணும். மழையில விட்டா அழுகிடும். தையிலதான் மறுபடி நடணும்."

மாதக்கணக்கில் அவன் இவ்வளவு பேசியதில்லை.

"அப்ப தோண்டுங்களேன்."

சுவரேறினான்.

ஊட்டியிலிருந்து காயத்ரி வாங்கி வந்த கிழங்குகள் அவை. கடைசியாக அவள்தான் தோண்டி, உலர்த்தி, ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்தாள். அவள் போன பிறகும் அங்கேயே கிடந்து, தானே முளைவிட்டன. வைகாசியில் நட்டான். பூத்தன. இப்போது தோண்டினால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். அவள் கை பட்ட கிழங்கு சுருங்கிச் சருகாகியிருக்கும். அதன் தலைமேல் அவள் பார்த்தே இராத புதுக் கிழங்கு உட்கார்ந்திருக்கும். பழையதைக் கிள்ளி எறிய வேண்டும்.

அவனால் முடியாது.

ஐப்பசியில் ஒரு காலை... கோபுரத்துப் பக்கம் வானம் கறுத்தது.

"சுருட்டும்மா! நனைஞ்சா போச்சு!" தெருக்கோடியிலிருந்து ஏகாம்பரம் கத்தினார்.

முதல் துளி விழுந்தது. தூணில் கட்டிய முடிச்சு சங்கரியின் விரலுக்கு அசையவில்லை. குமாரவேல் சுவரைத் தாண்டிக் குதித்து முடிச்சை அவிழ்த்தான்.

"நான் அந்தப் பக்கம் போய்ச் சுருட்டறேன். லூசா விட்டுடாதீங்க!"

"விடலை... ஓடுங்க!"

அவள் சுருட்டச் சுருட்ட, முனையை நெஞ்சோடு இழுத்துப் பிடித்தபடி அவன் அவளை நோக்கி நடக்க வேண்டியிருந்தது. பத்து வீடு... ஐந்து வீடு... ஒரு கை தூரம். அவள் இமையில் ஒரு துளி நின்றது.

ஏகாம்பரம் சுருளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். மழை கொட்டத் தொடங்கியது.

"ஐயோ, உங்க கிழங்கு!"

அவனுக்கு முன்னால் ஓடினாள். கேட்டைத் திறந்து பாத்தியில் மண்டியிட்டு, ஒரு செடியின் அடியைப் பிடித்தாள்.

"தொடாதே!"

அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

சங்கரி எழுந்தாள். கையிலிருந்த சேற்றைப் பாவாடையில் துடைத்தாள்.

"தொடலை. ஆனா நீங்களும் தொட மாட்டேன்றீங்களே... அது அழுகட்டுமா?"

போய்விட்டாள்.

தண்ணீர் பாத்தியில் தேங்கிக்கொண்டிருந்தது. வெறும் கையாலேயே தோண்டினான். ஒவ்வொரு புதுக் கிழங்கின் அடியிலும் பழையது ஒட்டியிருந்தது. கிள்ளப் போன விரல் மடங்கிக்கொண்டது. அப்படியே முறத்தில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே வைத்தான்.

அடைமழை. தெருவில் பாவு நீட்டவில்லை. கேட் தடையில்லாமல் திறந்தது. அப்படித் திறப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு காலை, வேனுக்குக் கிளம்பும்போது ஒரு கிழங்கை எடுத்துப் பார்த்தான். பழையது தானாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. எதையும் கிள்ள வேண்டியிருக்கவில்லை. காயத்ரி இறந்த அன்று வராத அழுகை அப்போது வந்தது. சருகுகளைப் பாத்தி மண்ணிலேயே புதைத்தான். வேன் போயிருந்தது.

நாலு வீடு நடந்தான். உள்ளே தறி ஓடும் சத்தம். சங்கரிதான் கதவைத் திறந்தாள். கண்கள் அவனைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தன.

"என்ன?"

"அன்னிக்குக் கத்தினது தப்பு."

"ம்."

உள்ளங்கையை விரித்தான். சுத்தமான, உருண்ட ஒரு கிழங்கு. "பழசு தானாவே விட்டுடுச்சு."

அவள் கண்கள் இறங்கின.

"தையில நடணும். நீங்க கூட இருக்கணும்..." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "பாத்திக்கு மட்டும் இல்ல. எப்பவும்."

உள்ளே தறி நின்றது.

சங்கரி ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்து கிழங்கை எடுத்துக்கொண்டு, உள்ளேயும் கேட்கட்டும் என்று, உரக்கவே சொன்னாள்.

"நீங்க முதல்ல சுவரேறிக் குதிச்சீங்களே, அதுக்கு மறுநாளே கால்வாய் வேலை முடிஞ்சிடுச்சு. கம்பம் அன்னிலருந்து காலியாத்தான் இருக்குது. நான்தான் உங்க தூணை விடலை."